இரத்தம் எதை எங்கே இறக்க வேண்டும் என்று எப்படித் தெரிந்துகொள்கிறது?

#1 வேர்நுனி

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளாக மனதில் கிடக்கும் ஒரு கேள்வி. எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் ஒரே வரிதான்: இரத்தம் ஆக்சிஜன், உணவுப்பொருள், ஹார்மோன், கழிவு ஆகியவற்றை உடல் முழுவதும் கொண்டு செல்கிறது. சரி, கொண்டு செல்கிறது. எதை எங்கே இறக்குவது என்பதை எது முடிவு செய்கிறது? பெருந்தமனியிலிருந்து மூளைக்குப் போவதும், கால் தசைக்குப் போவதும், சிறுநீரகத்துக்குப் போவதும் ஒரே இரத்தம். எல்லாமே அதில் கலந்து கிடக்கிறது. முகவரி எழுதாத கடிதங்களை ஒரே மூட்டையில் கட்டி எல்லா ஊருக்கும் சுற்றவிட்டது போல. அப்படியிருந்தும் ஓடுகிற தசைக்கு ஆக்சிஜன் கூடுதலாகவும், எலும்பு மஜ்ஜைக்கு இரும்பும், சிறுநீரகத்துக்கு யூரியாவும் சரியாகப் போய்ச் சேர்கிறதே, எப்படி?

தெரிந்தவர்கள் கொஞ்சம் விரிவாகவே எழுதுங்கள். நிதானமாகப் படிப்பேன்.

#2 அலைவரிசை

செறிவு வேறுபாடுதான். பொருள் அதிகமாக இருக்கும் இடத்திலிருந்து குறைவாக இருக்கும் இடத்துக்குத் தானாகப் போகும். தசை ஆக்சிஜனைச் செலவழிக்கிறது, அங்கே குறைகிறது, இரத்தத்திலிருந்து உள்ளே போகிறது. இதில் முகவரிக்கு என்ன வேலை?

#3 நீலாம்பல்

கல்லூரியில் உடலியங்கியல் நடத்துகிறேன். இந்தக் கேள்வியை மாணவர்கள் யாராவது கேட்க மாட்டார்களா என்று ஆண்டுதோறும் எதிர்பார்ப்பேன். இங்கே கேட்டதில் மகிழ்ச்சி.

அலைவரிசை சொன்னதுதான் அடித்தளம். ஆனால் இப்படித் தானாகப் பரவுவதற்கு, அதாவது விரவலுக்கு, ஒரு கடுமையான எல்லை உண்டு. தூரம் 10 மடங்கானால் ஆகும் நேரம் 100 மடங்காகிவிடும். நீரில் ஆக்சிஜன் 0.01 மில்லிமீட்டர் நகர ஒரு நொடியில் நாற்பதில் ஒரு பங்கு போதும். 1 மில்லிமீட்டருக்கு 4 நிமிடம். 1 சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 7 மணி நேரம். 1 மீட்டர் என்றால் சுமார் 8 ஆண்டுகள்! ஹைட்ராவும் தட்டைப்புழுவும் இரத்தமே இல்லாமல் வாழ முடிவது இதனால்தான். அவற்றின் எந்தச் செல்லும் வெளி நீரிலிருந்தோ உணவுக்குழியிலிருந்தோ தொலைவில் இல்லை. உடல் தடித்துவிட்டால் பொருளை மொத்தமாகத் தள்ளிக்கொண்டு போகும் ஒரு ஓட்டம் வேண்டியிருக்கிறது. அந்த ஓட்டத்தை இதயம் கொடுக்கிறது. கடைசிச் சில மைக்ரோமீட்டர் மட்டும் விரவலின் பொறுப்பு.

ஓட்டமும் விரவலும் சந்திக்கும் இடம் தந்துகி, அதாவது மிக நுண்ணிய இரத்தக் குழல். பெருந்தமனியில் இரத்தம் சராசரியாக நொடிக்கு 20 சென்டிமீட்டர் போகிறது. தந்துகியில் நொடிக்கு அரை மில்லிமீட்டரிலிருந்து ஒரு மில்லிமீட்டர் வரைதான். தனித்தனியாகப் பார்த்தால் தந்துகி சிவப்பணு நெருக்கிக்கொண்டு நுழையும் அளவுக்குக் குறுகல். ஆனால் எல்லாத் தந்துகிகளின் குறுக்குப் பரப்பையும் கூட்டினால் பெருந்தமனியைப் போலப் பல நூறு மடங்கு வரும். அதனால் வேகம் குறைகிறது, பரிமாற்றத்துக்கு ஒன்றிரண்டு நொடி கிடைக்கிறது. அந்த நேரம் தாராளமாகப் போதும்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன், வேர்நுனி. எவ்வளவு இறக்குவது என்பதை இரத்தம் முடிவு செய்வதில்லை, திசுதான் முடிவு செய்கிறது. தசை உழைக்கும்போது கார்பன் டை ஆக்சைடு, ஹைட்ரஜன் அயனி, பொட்டாசியம், அடினோசின் எல்லாம் அங்கேயே சேர்கின்றன. அவை பக்கத்தில் உள்ள சிறுதமனியின் சுவரைத் தளர்த்துகின்றன, குழல் விரிகிறது, இரத்தம் கூடுதலாகப் பாய்கிறது. மூளையின் உத்தரவுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. ஓய்வில் இதயம் வெளியேற்றும் 5 லிட்டரில் ஐந்தில் ஒரு பங்குதான் எலும்புத் தசைகளுக்குப் போகும். கடும் உழைப்பில் மொத்தமே 20 லிட்டரைத் தாண்டும், அதில் 80 விழுக்காடு தசைகளுக்கு. தந்துகிகளின் ஓட்டம் எப்படிக் கட்டுப்படுத்தப்படுகிறது என்று காட்டியதற்காகத்தான் டென்மார்க்கின் ஆகஸ்ட் க்ரோக் 1920 இல் நோபல் பரிசு பெற்றார்.

#4 செம்பருத்தி

தீவிர சிகிச்சைப் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். நீலாம்பல் அக்கா சொன்னதோடு என் பங்குக்கு ஒன்று.

ஒரே தமனி இரத்தம்தான் எல்லா உறுப்புக்கும் போகிறது, ஆனால் திரும்பி வரும் இரத்தம் உறுப்புக்கு உறுப்பு வேறுபடும். இதயத் தசை தனக்கு வரும் ஆக்சிஜனில் கிட்டத்தட்ட 70 விழுக்காட்டை ஓய்விலேயே எடுத்துவிடும். சிறுநீரகம் 10 விழுக்காடு அளவுதான் எடுக்கும், ஏனென்றால் அங்கே இரத்தம் முக்கியமாக வடிகட்டப்படுவதற்காகப் போகிறது. உடல் முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் ஓய்வில் கால் பங்குதான் செலவு. நிமிடத்துக்கு ஏறக்குறைய 1000 மில்லிலிட்டர் ஆக்சிஜன் அனுப்பப்படுகிறது, 250 மில்லிலிட்டர் பயன்படுகிறது, மிச்சம் முக்கால் பங்கும் சிரை வழியாகத் திரும்புகிறது. சிரை இரத்தத்தை ஆக்சிஜன் இல்லாத இரத்தம் என்று எழுதுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு கேட்காது. அந்த முக்கால் பங்குதான் நம் அவசரக் கையிருப்பு.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் 98 காட்டினால் எல்லாம் சரி என்று நினைத்துவிடுகிறார்கள். அந்த எண், இருக்கிற ஹீமோகுளோபினில் எத்தனை விழுக்காடு ஆக்சிஜனைப் பிடித்திருக்கிறது என்பதை மட்டும் சொல்கிறது. ஹீமோகுளோபின் எவ்வளவு இருக்கிறது என்பதைச் சொல்லாது. டெசிலிட்டருக்கு 15 கிராம் உள்ளவருக்கு 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் சுமார் 20 மில்லிலிட்டர் ஆக்சிஜன் இருக்கும். 6 கிராம் உள்ளவருக்கு 8 மில்லிலிட்டர்தான். இருவருக்கும் கருவி 98 என்றே காட்டும். கடும் இரத்தசோகை உள்ளவர் நாலு படி ஏறினாலே மூச்சு வாங்குவது இதனால்தான்.

#5 வேர்நுனி

இருவருக்கும் நன்றி. சிரையில் முக்கால் பங்கு மிச்சம் இருக்கிறது என்பது எனக்குப் புதுச் செய்தி. இன்னொரு ஐயம் வருகிறது. ஹீமோகுளோபின் நுரையீரலில் ஆக்சிஜனை இறுக்கமாகப் பிடிக்க வேண்டும், தசையில் எளிதாக விட்டுவிட வேண்டும். ஒரே மூலக்கூறு இரண்டையும் எப்படிச் செய்கிறது? இறுக்கமாகப் பிடிப்பது எளிதில் விடாதே.

#6 மூலக்கூறன்

இந்தக் கேள்விக்காகவே உள்ளே வந்தேன். உயிர்வேதியியலில் இதைவிட அழகான ஏற்பாடு வேறு இல்லை என்பது என் கருத்து.

முதலில் ஹீமோகுளோபின் ஏன் தேவை என்பது. வெறும் பிளாஸ்மாவில், அதாவது இரத்தத்தின் நீர்ப் பகுதியில், கரைந்து போகும் ஆக்சிஜன் 100 மில்லிலிட்டருக்கு 0.3 மில்லிலிட்டர்தான். ஹீமோகுளோபினோடு 20. அது மட்டும் இல்லையென்றால் இதயம் ஓய்விலேயே நிமிடத்துக்கு 80 லிட்டருக்கு மேல் இறைக்க வேண்டும். எந்தப் பாலூட்டி இதயமும் அந்த உடலளவுக்கு அதைச் செய்ய முடியாது.

ஹீமோகுளோபினில் நான்கு சங்கிலிகள், ஒவ்வொன்றிலும் இரும்பு அணுவைக் கொண்ட ஒரு ஹீம். மொத்தம் நான்கு ஆக்சிஜன் மூலக்கூறுகளை அது ஏற்கும். முதல் ஆக்சிஜன் வந்து சேர்ந்ததும் அந்தச் சங்கிலியின் வடிவம் லேசாக மாறுகிறது, அந்த மாற்றம் மற்ற சங்கிலிகளுக்கும் பரவுகிறது, அவை அடுத்த ஆக்சிஜனை எளிதாக ஏற்கும் நிலைக்கு வருகின்றன. இறக்கும்போதும் அதே கதைதான், தலைகீழாக. ஒன்று கழன்றால் மற்றவையும் கழலத் தயாராகின்றன. மாக்ஸ் பெரூட்ஸ் இருபது ஆண்டுகளுக்கு மேல் எக்ஸ் கதிர்ப் படிகவியலில் உழைத்து இந்த மூலக்கூறின் அமைப்பைக் கண்டறிந்தார். 1962 இல் ஜான் கெண்ட்ரூவுடன் அவருக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

இதன் விளைவை எண்ணில் பாருங்கள். நுரையீரலில் ஆக்சிஜனின் பகுதி அழுத்தம் ஏறக்குறைய 100 மி.மீ. பாதரசம், அங்கே ஹீமோகுளோபின் 97, 98 விழுக்காடு நிறைந்திருக்கும். ஓய்வுத் திசுவில் 40, அங்கே 75 விழுக்காடு. அதாவது அழுத்தம் 60 அலகு இறங்கியும் சரக்கில் கால் பங்குதான் இறங்கியிருக்கிறது. உழைக்கும் தசையில் அழுத்தம் 40 இலிருந்து 20 க்கு இறங்கினால், அந்த 20 அலகிலேயே இன்னும் 40 விழுக்காடு அளவுக்கு இறங்கிவிடும். தேவை கூடும் இடத்தில் இறக்கம் செங்குத்தாகிறது. நேர்க்கோட்டில் பிடித்து விடும் மூலக்கூறால் இதைச் செய்ய முடியாது.

இதற்கு மேல் இன்னொன்று. திசுவில் கார்பன் டை ஆக்சைடும் அமிலத்தன்மையும் வெப்பமும் கூடினால் ஹீமோகுளோபினின் பிடி தளர்கிறது. 1904 இல் கிறிஸ்டியன் போர் இதை விவரித்தார், இயற்பியலாளர் நீல்ஸ் போரின் தந்தை. உழைக்கும் தசை தன் கழிவாலேயே ஆக்சிஜனை வரவழைத்துக்கொள்கிறது. கருவிலுள்ள குழந்தையின் ஹீமோகுளோபின் தாயுடையதைவிட இறுக்கமாகப் பிடிக்கும் வகை. அதனால்தான் நஞ்சுக்கொடியில் தாயின் இரத்தத்திலிருந்து குழந்தையின் இரத்தத்துக்கு ஆக்சிஜன் நகர முடிகிறது.

கார்பன் மோனாக்சைடு உயிரைக் குடிப்பதும் இதே காரணத்தால். ஹீமோகுளோபினோடு அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் வலுவாக ஒட்டும். இடத்தை அடைத்துக்கொள்வது ஒரு தீங்கு. மீதமுள்ள ஹீம்கள் பிடித்திருக்கும் ஆக்சிஜனையும் திசுவில் விடாமல் செய்துவிடுகிறது, அது இரண்டாவது தீங்கு.

#7 செம்பருத்தி

மூலக்கூறன் சொன்னதோடு ஒரு எச்சரிக்கை. வழக்கமான ஆக்சிமீட்டரால் கார்பன் மோனாக்சைடு ஒட்டிய ஹீமோகுளோபினைப் பிரித்தறிய முடியாது. புகையில் சிக்கியவருக்கு எண் நன்றாகத்தான் இருக்கும். அதை நம்பி வீட்டிலேயே வைத்திருக்காதீர்கள், உடனே மருத்துவமனைக்குக் கொண்டு வாருங்கள்.

#8 பனித்துளி

படித்துக்கொண்டிருக்கிறேன், அருமை. ஆக்சிஜனை இறக்கிய ஹீமோகுளோபின் அதே இடத்தில் கார்பன் டை ஆக்சைடை ஏற்றிக்கொண்டு திரும்புகிறது என்றுதானே படித்தோம்?

#9 மூலக்கூறன்

அதில் பாதி உண்மைகூட இல்லை, பனித்துளி. முதலில், அதே இடம் கிடையாது. ஆக்சிஜன் ஹீமில் உள்ள இரும்போடு சேர்கிறது, கார்பன் டை ஆக்சைடு புரதச் சங்கிலியின் அமினோ முனைகளில் சேர்கிறது. இரண்டாவது, அப்படிப் போவது மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு அளவுதான். பத்தில் ஒன்றுக்கும் சற்றுக் குறைவாகக் கரைந்து போகிறது. மிச்சம், ஏறக்குறைய 70 விழுக்காடு, பைகார்பனேட்டாக மாறிப் போகிறது.

அந்த மாற்றம் நடப்பது சிவப்பணுவுக்குள். கார்பன் டை ஆக்சைடும் நீரும் சேர்ந்து கார்பானிக் அமிலமாவது தானாக நடந்தால் மெதுவாகத்தான் நடக்கும், தந்துகியில் இருக்கும் ஒன்றிரண்டு நொடி போதாது. கார்பானிக் அன்ஹைட்ரேஸ் என்ற நொதி அதை முடுக்கிவிடுகிறது. அதன் வேகமான வடிவத்தில் ஒரு மூலக்கூறு நொடிக்கு 10 லட்சம் அளவுக்கு வினைகளை நடத்தும். உருவான பைகார்பனேட் பெரும்பாலும் பிளாஸ்மாவுக்கு வெளியேற, மின் சமநிலை கெடாமல் குளோரைடு அயனி உள்ளே வருகிறது. மிஞ்சும் ஹைட்ரஜன் அயனியை ஹீமோகுளோபின் பிடித்துக்கொள்கிறது, பிடித்ததும் ஆக்சிஜனை விடுகிறது. நுரையீரலில் எல்லாம் திரும்பி நடக்கிறது. கார்பன் டை ஆக்சைடு வெளியேறுவதும் ஆக்சிஜன் இறங்குவதும் ஒரே வேதிக் கணக்கின் இரண்டு வரிகள். தனித்தனிப் பாடமாக நடத்துவதால்தான் குழப்பம்.

அப்புறம், சிவப்பணு தான் சுமக்கும் ஆக்சிஜனில் துளியும் தனக்கென்று பயன்படுத்துவதில்லை. பாலூட்டிகளின் முதிர்ந்த சிவப்பணுவில் உட்கருவும் இல்லை, மைட்டோகாண்ட்ரியாவும் இல்லை. குளுக்கோஸை ஆக்சிஜன் இல்லாமலே உடைத்துத்தான் மனிதனில் 120 நாள் பிழைக்கிறது.

#10 கடலோடி

விலங்கியல்காரன். இதுவரை இந்த இழையில் வந்த விலங்கு கிட்டத்தட்ட மனிதன் மட்டும்தான். இரத்தம் என்றாலே ஆக்சிஜன், ஆக்சிஜன் என்றாலே சிவப்பு என்ற எண்ணத்தைக் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டுப் பார்க்கலாம்.

பூச்சிகளைப் பாருங்கள். எண்ணிக்கையில் விலங்குலகின் பெரும்பான்மை அவை. அவற்றின் குருதி, அதாவது ஹீமோலிம்ப், பெரும்பாலும் ஆக்சிஜனைச் சுமப்பதே இல்லை. உடலின் பக்கங்களில் உள்ள மூச்சுத்துளைகள் வழியாகக் காற்று நுழைந்து, கிளைவிட்டுக்கொண்டே போகும் மூச்சுக்குழல்களில் செல்லின் வாசல் வரை நேராகப் போய்விடுகிறது. பறக்கும் பூச்சியின் தசை அவ்வளவு ஆக்சிஜனைச் செலவழிப்பது இந்த ஏற்பாட்டை நம்பித்தான். குருதி சர்க்கரையையும் ஹார்மோனையும் கழிவையும் மட்டும் சுமக்கிறது, சர்க்கரையும் அங்கே முக்கியமாக டிரெஹலோஸ். தந்துகி கிடையாது. முதுகுப் பக்கக் குழலிலிருந்து வெளியேறும் குருதி உறுப்புகளை நேரடியாக நனைத்துவிட்டுத் திரும்புகிறது. இதைத் திறந்த வகைச் சுற்றோட்டம் என்கிறோம். அழுத்தம் குறைவு, ஓட்டம் மெது, ஆனால் அதன் மேல் ஆக்சிஜன் சுமை இல்லாததால் குறையொன்றும் இல்லை. இதைத் தாழ்ந்த நிலை அமைப்பு என்று எழுதுபவர்களோடு நான் உடன்படுவதில்லை. விதிவிலக்கும் உண்டு: சேற்றில் வாழும் கிரோனோமஸ் என்ற கொசு போன்ற பூச்சிகள் சிலவற்றின் புழுக்கள் ஹீமோகுளோபினால் செக்கச்செவேல் என்று இருக்கும். அங்கே ஆக்சிஜன் மிகக் குறைவு.

மண்புழுவில் ஹீமோகுளோபின் உண்டு, ஆனால் செல்லுக்குள் அடைபடாமல் பிளாஸ்மாவிலேயே கரைந்திருக்கிறது. அதனால் மூலக்கூறு மிகப் பெரியது, மனித ஹீமோகுளோபினைப் போல 50 மடங்குக்கு மேல். சின்னதாக இருந்தால் கழிவு உறுப்புகள் வழியே ஒழுகிவிடும். ஆக்டோபஸில் இரும்புக்குப் பதில் செம்பு, ஹீமோசயனின். ஆக்சிஜன் ஏறினால் நீலம், இறங்கினால் நிறமற்றது. அதற்கு மூன்று இதயங்கள்: இரண்டு செவுள்களுக்கு, ஒன்று உடலுக்கு. காரணத்தை மீனோடு ஒப்பிட்டால் புரியும். மீனின் ஒற்றைச் சுற்றில் இரத்தம் செவுளின் நுண்குழல்களைக் கடந்ததும் அழுத்தத்தில் பெரும்பகுதியை இழந்துவிடுகிறது, மிச்ச அழுத்தத்தோடுதான் உடலுக்குப் போகிறது. ஆக்டோபஸ் செவுளுக்குப் பிறகு மறுபடி ஒரு முறை தள்ளுகிறது. பறவையும் பாலூட்டியும் நான்கு அறை இதயத்தால் அதே சிக்கலைத் தீர்த்துக்கொண்டன: நுரையீரலுக்குக் குறைந்த அழுத்தம், உடலுக்கு உயர்ந்த அழுத்தம்.

எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது அண்டார்டிக் பனிமீன். முதுகெலும்பிகளில் முதிர்ந்த நிலையிலும் ஹீமோகுளோபினே இல்லாமல் வாழும் ஒரே குடும்பம். இரத்தம் தெளிந்த நீர் போல இருக்கும்.

#11 அலைவரிசை

மூலக்கூறன் சொன்ன கணக்குப்படி ஹீமோகுளோபின் இல்லாவிட்டால் இதயம் தாங்காதே. பனிமீன் எப்படிச் சமாளிக்கிறது?

#12 கடலோடி

நல்ல கேள்வி. மூலக்கூறன் சொன்ன கணக்கு 37 பாகை உடலுக்கு. பனிமீன் வாழும் நீர் உறைநிலையை ஒட்டியே இருக்கும், கடல்நீர் என்பதால் சில இடங்களில் பூச்சியத்துக்குக் கீழே 1.9 பாகை வரைக்கும். நீர் குளிரக் குளிர ஆக்சிஜன் கூடுதலாகக் கரையும். உடலும் குளிர்ந்திருப்பதால் தேவை குறைவு. அப்படியும் அதன் இரத்தம் சுமக்கும் ஆக்சிஜன் சிவப்பு இரத்தம் கொண்ட உறவு மீன்களுடையதில் பத்தில் ஒரு பங்குதான். அதை ஈடுகட்ட இதயம் பெரிது, இரத்தக் குழல்கள் அகலம், உடலளவுக்கு இரத்தமும் கூடுதல். செதிலற்ற தோல் வழியாகவும் கொஞ்சம் ஆக்சிஜன் போகிறது. சிவப்பணுக்கள் ஏறக்குறைய இல்லாத இரத்தம் குளிரில் கெட்டியாகாமல் ஓடுவது ஒரு வசதி. நார்வேயின் யோகான் ரூட் 1954 இல் இதை அளந்து வெளியிடும்வரை திமிங்கில வேட்டைக்காரர்கள் சொன்ன வெள்ளை இரத்த மீனைப் பலர் நம்பவில்லை.

கடல் சூடானால் இந்தக் குடும்பத்துக்குப் போக வேறு இடமில்லை. இதைச் சொல்லாமல் விட மனமில்லை.

#13 ஆய்வுமேசை

ஆய்வுக்கூட நுட்புநர். ஆக்சிஜனுக்கு இவ்வளவு பேசிவிட்டோம், உணவுக்கும் கொஞ்சம் இடம் கொடுங்கள்.

கொழுப்பு நிறையச் சாப்பிட்ட சில மணி நேரத்தில் எடுத்த இரத்தத்தை மையவிலக்குக் கருவியில் சுழற்றினால் மேலே நிற்கும் பிளாஸ்மா பால் போலக் கலங்கியிருக்கும். வெறும் வயிற்றில் வரச் சொல்வதன் காரணங்களில் இதுவும் ஒன்று. குளுக்கோஸும் அமினோ அமிலமும் நீரில் கரையும், குடலின் தந்துகிக்குள் நேராகப் போய்விடும். கொழுப்பு கரையாது. குடல் செல் அதைப் புரதமும் பாஸ்போலிப்பிடும் போர்த்திய கைலோமைக்ரான் என்ற துகளாக்குகிறது. அந்தத் துகள் தந்துகிச் சுவரில் நுழைய முடியாத அளவுக்குப் பெரியது. அதனால் நிணநீர்க் குழலுக்குள் போய், மார்பு நிணநீர் நாளம் வழியே மேலே ஏறி, இடது கழுத்துப் பக்கம் பெருஞ்சிரையில் வந்து கலக்கிறது. அதாவது சாப்பிட்ட சர்க்கரை முதலில் கல்லீரலுக்குப் போகிறது, நீள் சங்கிலிக் கொழுப்பு கல்லீரலைச் சுற்றிக்கொண்டு முதலில் பொது ஓட்டத்துக்கு வருகிறது.

#14 நீலாம்பல்

ஆய்வுமேசை முக்கியமான இடத்தைத் தொட்டுவிட்டார். வேர்நுனி கேட்ட முகவரிக்கு இங்கேதான் மீதிப் பதில் இருக்கிறது.

குடலிலிருந்து வரும் இரத்தம் நேராக இதயத்துக்குத் திரும்புவதில்லை. போர்ட்டல் சிரை அதைக் கல்லீரலுக்குக் கொண்டுபோய் இன்னொரு நுண்குழல் தொகுதியில் விடுகிறது. கல்லீரலுக்கு வரும் இரத்தத்தில் முக்கால் பங்கு இந்த வழியில் வருகிறது. சர்க்கரையைச் சேமிப்பதா அனுப்புவதா, உணவோடு வந்த நச்சை என்ன செய்வது என்பதெல்லாம் உடலின் மற்ற பகுதி அந்த இரத்தத்தைப் பார்ப்பதற்கு முன்பே நடக்கிறது. மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைப்போதலாமஸுக்கும் பிட்யூட்டரிச் சுரப்பிக்கும் இடையே இதே மாதிரி ஒரு சின்னப் போர்ட்டல் இணைப்பு உண்டு. ஹார்மோன் உடல் முழுக்கக் கலந்து நீர்த்துப் போகாமல் மிகச் சிறு அளவிலேயே சேர வேண்டிய இடத்தைச் சேர்கிறது. ஆக, குழல்கள் எந்த வரிசையில் இணைக்கப்பட்டிருக்கின்றன என்பதே பாதி முகவரி.

மீதிப் பாதி பெறுகிற செல்லின் பரப்பில் இருக்கிறது. இரும்பை எடுத்துக்கொள்ளுங்கள். தனியாகத் திரியும் இரும்பு செல்லைச் சேதப்படுத்தும், அதனால் டிரான்ஸ்பெரின் என்ற புரதம் இரண்டு இரும்பு அணுக்களை இறுகப் பிடித்துக்கொண்டு சுற்றுகிறது. அது எல்லா உறுப்பின் வழியாகவும் போகிறது. ஆனால் எலும்பு மஜ்ஜையில் சிவப்பணுவாகப் போகும் செல்களின் மேல் டிரான்ஸ்பெரினைப் பிடிக்கும் ஏற்பிகள் ஏராளம், அதனால் இரும்பில் பெரும்பகுதி அங்கே இறங்குகிறது. கொலஸ்டிராலும் அப்படித்தான். கொலஸ்டிராலைச் சுமக்கும் எல்டிஎல் துகளைப் பிடிக்கும் ஏற்பியைக் கண்டறிந்த மைக்கேல் பிரவுனும் ஜோசப் கோல்ட்ஸ்டைனும் 1985 இல் நோபல் பெற்றார்கள். அந்த ஏற்பி பிறவியிலேயே பழுதானவர்களுக்குத் துகள் இறங்க இடமில்லாமல் இரத்தத்திலேயே தேங்கி, இளம் வயதிலேயே மாரடைப்பு வருகிறது. இன்சுலின் எல்லாச் செல்லையும் கடந்து போகிறது, ஆனால் தசையும் கொழுப்புத் திசுவும்தான் அதைக் கேட்டுக் குளுக்கோஸ் கடத்திகளைச் செல்லின் பரப்புக்குக் கொண்டு வருகின்றன.

கடிதத்தில் முகவரி இல்லை என்று சொன்னீர்கள், சரிதான். பெறுகிறவர் ஒவ்வொருவரும் தனக்கானதை அடையாளம் கண்டு எடுத்துக்கொள்கிறார்.

#15 அலைவரிசை

தந்துகியின் தமனி முனையில் நீர் வெளியேறி, சிரை முனையில் இரத்தப் புரதமான அல்புமினின் இழுப்பால் திரும்ப உள்ளே வருகிறது, மிஞ்சுவதை நிணநீர் எடுக்கிறது. உடலியங்கியலாளர் ஸ்டார்லிங் 1896 இல் சொன்னது. அதையும் சேர்த்தால் இழை முழுமையாகும்.

#16 செம்பருத்தி

அலைவரிசை, அந்தப் படம் எல்லாப் புத்தகத்திலும் உண்டு, ஆனால் இன்றைய புரிதல் மாறிவிட்டது. ஸ்டார்லிங் சொன்ன விசைகள் சரிதான். சிரை முனையில் தொடர்ந்து திரும்ப உறிஞ்சப்படுகிறது என்ற பகுதிதான் பெரும்பாலான திசுக்களுக்குப் பொருந்தவில்லை. தந்துகியின் உட்சுவரில் கிளைக்கோகேலிக்ஸ் என்ற மெல்லிய சர்க்கரைப் படலம் இருக்கிறது. அல்புமினின் இழுப்பு அந்தப் படலத்தின் இரு பக்கத்துக்கும் இடையேதான் செயல்படுகிறது. அளந்து பார்த்தால் தந்துகியின் முழு நீளத்திலும் நீர் மெல்ல வெளியேறிக்கொண்டே இருக்கிறது, அதைத் திருப்பிக் கொண்டுவருவது முக்கியமாக நிணநீர்தான். லெவிக், மைக்கேல் என்ற ஆய்வாளர்கள் 2010 இல் இதைத் தெளிவாகத் தொகுத்து எழுதினார்கள். குடல் சளிப்படலமும் சிறுநீரகமும் விதிவிலக்கு, அங்கே தொடர்ந்த உறிஞ்சல் உண்டு.

எங்களுக்கு இது வெறும் ஏட்டுச் செய்தி இல்லை. வீக்கம் உள்ளவருக்கு அல்புமின் ஏற்றினால் திசுவில் உள்ள நீரெல்லாம் குழலுக்குள் திரும்பிவிடும் என்று எதிர்பார்ப்பார்கள். பெரும்பாலும் அப்படி நடக்காததன் காரணம் இங்கே இருக்கிறது.

#17 பழையஏடு

வரலாற்றுக்காக ஒரு குறிப்பு. கல்லீரல் உணவிலிருந்து இரத்தத்தைப் புதிதாக ஆக்கி அனுப்புகிறது, உறுப்புகள் அதை உண்டு தீர்த்துவிடுகின்றன என்ற பண்டைய மருத்துவர் கேலனின் கருத்து 1400 ஆண்டுகள் நின்றது. வில்லியம் ஹார்வி 1628 இல் அதை வீழ்த்தியது பெருமளவு கணக்கால். ஒரு துடிப்பில் வெளியேறும் அளவை மிகக் குறைத்து வைத்துக்கொண்டாலும் அரை மணி நேரத்தில் உடலில் உள்ள மொத்த இரத்தத்தைவிட அதிகம் வருகிறது. அவ்வளவையும் உணவிலிருந்து ஆக்க முடியாது, ஆகவே அதே இரத்தம் சுற்றுகிறது. தமனியிலிருந்து சிரைக்கு அது எப்படிப் போகிறது என்பதை அவர் கண்ணால் காணவில்லை. 1657 இல் இறந்தார். 1661 இல் மார்செல்லோ மால்பிகி தவளையின் நுரையீரலை நுண்ணோக்கியில் பார்த்துத் தந்துகிகளைக் கண்டார். நுரையீரல் வழியான சுற்றை மட்டும் 13 ஆம் நூற்றாண்டிலேயே இப்னு அல் நபீஸ் எழுதி வைத்திருந்தார்.

#18 வேர்நுனி

இவ்வளவு கிடைக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. குழல்களின் வரிசையும் செல்லின் ஏற்பியும் சேர்ந்ததுதான் முகவரி என்பது தெளிவாகிவிட்டது. கடைசியாக ஒன்று. சிறுநீரகத்தில் யூரியாவுக்கும் அப்படி ஒரு ஏற்பி இருக்கிறதா? கழிவை மட்டும் பார்த்து எடுக்கிறதே.

#19 நீலாம்பல்

சிறுநீரகம் கழிவைத் தேடி எடுப்பதே இல்லை. அங்கே நடப்பது நேர்மாறு. ஓய்வில் இதயம் வெளியேற்றும் இரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு சிறுநீரகங்களுக்குப் போகிறது. அங்கே முடிச்சு முடிச்சாகச் சுருண்டிருக்கும் தந்துகிகளில் அழுத்தம் அதிகம், அவற்றின் சுவரில் துளைகளும் உண்டு. சிறிய மூலக்கூறுகள் எல்லாமே, குளுக்கோஸ், உப்பு, அமினோ அமிலம், யூரியா, நீர் என்று வேறுபாடு பார்க்காமல் வெளியேறிவிடும். இரத்தச் செல்களும் அல்புமின் போன்ற பெரிய புரதங்களும்தான் உள்ளே தங்கும். இப்படி நாளுக்கு 180 லிட்டர். உடலில் உள்ள பிளாஸ்மா 3 லிட்டர்தான் என்பதை வைத்துப் பாருங்கள், அது முழுவதும் நாளுக்கு 60 முறை வடிகட்டப்படுகிறது.

அதற்குப் பிறகுதான் தேர்வு. நெடுகப் போகும் நுண்குழலின் செல்கள் வேண்டியதைத் திரும்ப எடுக்கின்றன: குளுக்கோஸ் முழுவதும், உப்பும் நீரும் 99 விழுக்காடு. யூரியாவில் பாதியளவு திரும்பிவிடுகிறது, மீதி ஒன்றரை லிட்டர் சிறுநீரோடு போகிறது. எந்தக் கடத்தியும் இல்லாத ஒரு புதுப்பொருள் உடலுக்குள் வந்தாலும், அது சிறியதாகவும் நீரில் கரைவதாகவும் இருந்தால், அதை அடையாளம் காண வேண்டிய தேவையே இல்லாமல் வெளியேறிவிடும். பல மருந்துகள் நம் உடலைவிட்டுப் போவது இப்படித்தான். இரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்கு 180 மில்லிகிராம் அளவைத் தாண்டினால் திரும்ப எடுக்கும் கடத்திகளுக்குத் திறன் போதாமல் போகிறது, அப்போதுதான் சிறுநீரில் சர்க்கரை தென்படுகிறது.